பதினாலாம் கேள்வி

ஒரு படிவத்துக்கு நூற்றைம்பது ரூபா.
நாற்பது படிவம், மூன்று நாள், மூன்று சந்தை.
இன்றைக்குப் பாசையூர்.
ஐஸ் பெட்டிக்குக் கீழே ஓடும் தண்ணீரில்
என் செருப்பு வழுக்குகிறது.

"கைப்பேசிவழிக் கொடுப்பனவை ஏற்றுக்கொள்வதில்
தேசியப் பண்பாட்டின் செல்வாக்கு."
தலைப்பை வாசித்ததும்
திரேசம்மா கத்தியை நிறுத்தினார்.
"எந்தத் தேசியம், பிள்ளை?"

அதற்குப் பெட்டி இல்லை.
அடுத்த கேள்விக்குப் போனேன்.

ஒன்று என்றால் முற்றிலும் உடன்படவில்லை,
ஐந்து என்றால் முற்றிலும் உடன்படுகிறேன்.
கொழும்பில் யாரோ இருந்து பெயர்த்த தமிழ்
புதுச் சப்பாத்துப் போலக் கடிக்கிறது.

விளைமீன் வாங்க வந்த வாத்தியார்
கேளாமலே சொன்னார்:
"சித்திரைக் கைவியளத்தை
மருமகன் போனிலை அனுப்பினவன்.
காசு வந்தது. கை வரேல்லை."
எண் கேட்டேன். நாலு என்றார்.
எதற்கு நாலு என்று விளங்கவில்லை,
வட்டமிட்டேன்.

நேற்றுத் திருநெல்வேலியில்
வேலும்மயிலும் ஸ்டோர்ஸ் முதலாளி
கியூஆர் அட்டைக்கு விபூதி பூசி
பிள்ளையார் படத்தோடு சாத்தியிருந்தார்.
ஆனாலும் முதல் வியாபாரம் காசாய் வேண்டுமாம்.
"கண்ணிலை ஒத்த வேணுமெல்லோ.
போனை ஒத்தினால் சனம் சிரிக்கும்."

பதினாலாம் கேள்வி:
"நிச்சயமற்ற சூழ்நிலைகள்
எனக்கு அசௌகரியத்தைத் தருகின்றன."

பாரையின் வயிற்றைக் கீறியபடியே
திரேசம்மா சிரித்தார்.
"மூண்டு மணிக்கு வள்ளம் போகுது.
என்ன கொண்டுவரும் எண்டு ஆரைக் கேக்கிறது?
தொண்ணூற்றைஞ்சிலை வெளிக்கிட்ட இரவு
பாங்குப் புத்தகம் என்ர சட்டைக்குள்ளை.
மழையிலை புத்தகம் ஊறிப்போச்சு.
பாங்கு எங்கை எண்டே தெரியாது.
சாவகச்சேரியிலை தோட்டைக் கழட்டித்தான்
அரிசி வாங்கினது.
இப்ப வந்து அசௌகரியமோ எண்டு கேக்கிறாய்.
எத்தினை மட்டும் இருக்கு உன்ரை நம்பர்?"

அஞ்சு மட்டும், என்றேன்.
"காணாது."

சரி, இவர் இதையெல்லாம் ஏற்க மாட்டார் என்று
மனதுக்குள் முடித்துவிட்டேன்.
அந்த நேரம் ஹெல்மெட் கழற்றாத ஒரு பொடியன்
போனை நீட்டினான்: "அன்ரி, ஸ்கான்?"
திரேசம்மா தாடையால் காட்டினார்.
பக்கத்துத் தட்டில்,
செதில் ஒட்டிய பொலித்தீனுக்குள், ஜெசிந்தாவின் அட்டை.

ஆறு பெண்கள், ஒரு அட்டை.
மணிச்சத்தம் கேட்கும்,
எவ்வளவு என்று போன் சொல்லும்.
யாருடைய மீனுக்கு என்று சொல்லத் தெரியாது அதற்கு.
ஜெசிந்தா சொல்வாள்:
"அக்கா, உங்கட ஆயிரத்து இருநூறு."
சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு விழும்.
பின்னேரம், சந்தை கழுவும்போது
காசாகப் பிரித்துக் கொள்வார்கள்.

"ஒருநாளும் பிழைக்கேல்லையோ?"
"ஏன் பிழைக்காமல்?
போன மாசம் முந்நூறு ரூபா.
நாலு நாள் முகம் பார்க்கேல்லை.
பிறகு அவளின்ரை பெட்டைக்குப் புதுநன்மை வந்துட்டுது,
போகாமல் இருக்கேலுமே?"

"நீங்கள் கைப்பேசிவழிக் கொடுப்பனவைப் பயன்படுத்துகிறீர்களா?
ஆம். இல்லை."
பேனை இரண்டுக்கும் நடுவில் நின்றது.
"ஏனையவை" என்ற கோட்டில்
ஜெசிந்தா என்று எழுதினேன்.

இரவு மேற்பார்வையாளர் அழைத்தார்.
இருபத்தேழாம் படிவத்தில் ஆரோ ஒரு பெயர் கிடக்குது,
கணினி எடுக்காது,
மூண்டு எண்டு போடட்டோ?
வேண்டாம், என்றேன்.
கொஞ்ச நேரத்தில் என் போன் ஒருமுறை அதிர்ந்தது.
ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது.
ஒரு படிவம் கழிந்திருந்தது.

விடிய எழுநூறு ரூபாவுக்கு
திரேசம்மாவிடம் ஒட்டி வாங்கி
ஜெசிந்தாவின் அட்டைக்கு அனுப்பினேன்.
மணி கேட்டது.
கத்தியைக் கீழே வைக்காமலே
ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.